பையில் இருந்த போன் கட்டிய டிக்கெட் பணம்

லண்டனில் வாழும் நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் போன் வைத்திருக்கும் விதம் ஒன்று உண்டு. புத்தகம்போல் மடியும் கவர். அதன் உள்மடிப்பில் வங்கி கார்டு, இலவசப் பயணத்துக்கான ஃப்ரீடம் பாஸ், கூடவே சின்னதாக ஒரு சாமி படம். ட்யூப் எனும் சுரங்க ரயிலேற ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷன் கேட்டுக்கு வந்ததும் பாஸை உருவி எடுப்பதில்லை. கவரோடு அப்படியே மஞ்சள் வட்டத்தின் மேல் வைக்கிறார்கள். கேட் திறக்கிறது. பாஸ்தான் திறந்தது என்று நம்பி உள்ளே போகிறார்கள். இரண்டு நாள் கழித்து வங்கிக் கணக்கைப் பார்க்கும் மகள், "அம்மா, உங்களுக்குத்தான் ஃப்ரீயாச்சே, ட்யூபுக்கு எதுக்குக் காசு போயிருக்கு?" என்று கேட்கும்போதுதான் விஷயம் தெரியவருகிறது.

பணத்தைக் கட்டியது கவருக்குள் இருந்த கார்டாக இருக்கலாம். பூட்டிய திரையோடு இருந்த போனாகவும் இருக்கலாம். இரண்டாவதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. "கைரேகை வைக்கவில்லை, முகத்தைக் காட்டவில்லை, போன் எப்படிப் பணம் கட்டும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஸ்டேஷன் கேட் போன்ற பயணக் கட்டணம் வாங்கும் இடங்களில் மட்டும் கட்டும், அப்படித்தான் அதை அமைத்திருக்கிறார்கள் என்பதே பதில். யாரும் ஏமாற்றவில்லை, எந்த இயந்திரமும் பழுதாகவில்லை. 'நான் கட்டுகிறேன்' என்று பயணி தெரிவிக்கவேண்டிய ஒவ்வொரு செயலையும் வேகத்துக்காக ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது அருகில் இருப்பது மட்டும். அருகில் இருப்பதையே கேட் சம்மதமாக எடுத்துக்கொள்கிறது.

கேட்டில் இருக்கும் ரீடர், அதாவது கார்டைப் படிக்கும் கருவி, 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு காந்தப்புலத்தைப் பரப்பிக்கொண்டே இருக்கும். அருகில் காட்டினாலே வேலை செய்யும் கான்டாக்ட்லெஸ் கார்டுக்குள் பேட்டரி கிடையாது. உள்ளே சுற்றியிருக்கும் மெல்லிய கம்பிச்சுருள் அந்தப் புலத்திலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொண்டு விழித்துப் பேச ஆரம்பிக்கிறது. எட்டும் தூரம் சில சென்டிமீட்டர்தான். பத்தடி தள்ளி நிற்பவரின் பையிலிருந்து பணம் போகாது. ஆனால் கையில் ஒரு கார்டும் அதே கையில் போனும் இருந்தால் இரண்டுமே அந்தச் சில சென்டிமீட்டருக்குள் வந்துவிடுகின்றன. எது முதலில் புலத்துக்குள் நுழைகிறதோ அதனோடு ரீடர் பேசி முடித்துவிடும். நீங்கள் நீட்ட நினைத்த கார்டு வந்து சேரும் முன்பே வேலை முடிந்திருக்கும்.

ரீடருக்கு ஏன் இவ்வளவு அவசரம்? காலை எட்டரை மணிக்கு லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷனைப் பார்த்தவர்களுக்குப் புரியும். ஒவ்வொரு பயணியும் கேட்டில் ஒரு விநாடி கூடுதலாக நின்றால் கூட்டம் எஸ்கலேட்டர் வரை தேங்கும்; அங்கே தேங்கினால் ஆபத்து. அதனால் கார்டைப் படித்து, சரிபார்த்து, கேட்டைத் திறக்க அரை விநாடிக்கு மேல் ஆகக்கூடாது என்பது லண்டன் போக்குவரத்தை நடத்தும் டிஎஃப்எல் வைத்திருக்கும் கணக்கு. 2003-ல் வந்த ஆய்ஸ்டர் என்ற பயணக் கார்டு இந்த வேகத்தைப் பழக்கப்படுத்தியது. 2012 டிசம்பரில் பஸ்களிலும், 2014 செப்டம்பர் 16 முதல் ட்யூப் ரயில்களிலும் சாதாரண வங்கி கார்டையே நேரடியாகத் தொட்டுப் பயணம் செய்யலாம் என்றார்கள்.

சிக்கல் அப்போதே தெரிந்துவிட்டது. அதுவரை பர்ஸோடு சேர்த்து ஆய்ஸ்டரைத் தட்டிப் பழகியவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். பர்ஸில் ரீடருக்குத் தெரிவது ஆய்ஸ்டர் ஒன்றுதான் என்பதால் அது பாதுகாப்பான பழக்கமாக இருந்தது. வங்கி கார்டும் தெரிய ஆரம்பித்ததும் எது மாட்டும் என்று சொல்லமுடியாமல் போயிற்று. 'கார்டு கிளாஷ்' என்று அதற்குப் பெயர் வைத்து, ஸ்டேஷன்களில் அறிவிப்பும் சுவரொட்டியுமாகச் சொன்னார்கள்: ஒரு கார்டை மட்டும் எடுத்து நீட்டுங்கள்.

அந்த நாட்களில் போன் இந்தச் சண்டைக்கு வெளியே இருந்தது. 2015 ஜூலையில், ஐபோனாலேயே பணம் கட்டும் ஆப்பிள் பே வசதி பிரிட்டனுக்கு வந்தபோது, கைரேகை வைத்தால்தான் போனில் இருக்கும் கார்டு வாய்திறக்கும். பையில் கிடக்கும் பிளாஸ்டிக் கார்டைவிடப் போன் பாதுகாப்பானது என்று சொன்னதில் தவறில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பே கேட்டில் தொல்லையாயிற்று. ஈரக்கையில் கைரேகை படியாது. பிறகு முகம் பார்த்துத் திறக்கும் போன்கள் வந்தன. நடந்துகொண்டே நீட்டினால் அவையும் ஒரு கணம் தயங்கும். அந்த ஒரு கணத்துக்குள் பின்னால் பத்துப் பேர் நின்றுவிடுவார்கள்.

தீர்வாக வந்ததுதான் எக்ஸ்பிரஸ் மோடு. 2019 மே மாதம் வந்த, ஐபோனை இயக்கும் ஐஓஎஸ் மென்பொருளின் 12.3 பதிப்பில், போக்குவரத்துக்கென்று ஒரு வங்கி கார்டைக் குறித்துவைக்கும் வசதி சேர்ந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் லண்டன் கேட்டுகளிலும் அது வேலை செய்ய ஆரம்பித்தது. ஸ்டேஷன் ரீடர், வழக்கமான அழைப்போடு சேர்த்து 'நான் ரயில் கேட்' என்று பொருள்படும் ஒரு குறிப்பையும் ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். அதைக் கேட்ட போன், பூட்டு, முகம், கைரேகை எதையும் பார்க்காமல் குறித்துவைத்த கார்டை நேரடியாக எழுப்பிப் பேசவைக்கும். கடையில் இருக்கும் ரீடர் அந்தக் குறிப்பை அனுப்பாது. அதனால் கடையில் போன் பழையபடி வாய்மூடியே இருக்கும். ஐபோன் எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் முதலான மாடல்களில் சார்ஜ் தீர்ந்து திரை அணைந்த பிறகும் ஐந்து மணி நேரம் வரை இந்த வசதி உயிரோடு இருக்கும். இரவு கடைசி ரயிலைப் பிடிக்கிறவருக்கு இது பெரிய உதவி. சார்ஜ் போய்விட்டது, இனி இது வெறும் கண்ணாடித்துண்டு என்று நினைத்துப் பையில் போட்டவருக்கோ எதிர்பாராத செலவு.

கடையில் பணம் கட்டும்போது நடப்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடைக்காரர் தொகையைச் சொல்கிறார். மெஷின் திரையில் தொகை தெரிகிறது. அதன்பிறகுதான் கார்டை நீட்டுகிறோம். ஸ்டேஷனில் உள்ளே நுழையும்போது எவ்வளவு என்றே யாருக்கும் தெரியாது. எங்கே இறங்கப்போகிறீர்கள், அன்றைக்கு மொத்தம் எத்தனை முறை பயணம் செய்யப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் கட்டணம். லண்டனில் ஒரு நாளின் தொடுதல்கள் எல்லாவற்றையும் சேர்த்து, நாள் முடிந்த பிறகு கணக்குப் போட்டு, வங்கிக்கு ஒரே தொகையாக அனுப்புகிறார்கள். ஆக, கேட்டில் நாம் தருவது தொகை எழுதாத காசோலை போன்றது. அது நல்லெண்ணத்தோடு கட்டப்பட்ட ஏற்பாடுதான். எத்தனை முறை போனாலும் இதற்கு மேல் எடுப்பதில்லை என்ற தினசரி உச்சவரம்பு, வார உச்சவரம்பு என்று பயணிக்கு லாபமான பல விஷயங்கள் அதில் இருக்கின்றன. ஆனால் தொகை எழுதாத காசோலையில் கையெழுத்தாவது நம்முடையதாக இருக்கவேண்டும் அல்லவா?

கையெழுத்து வேண்டாம் என்று சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. பணம் கட்டுபவர் தாமே என்பதை இரண்டு வழிகளில் உறுதிசெய்யவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த விதிகளில், 12-வது பிரிவு ஒரு விலக்கு தருகிறது: ஆள் நிற்காத இயந்திரங்களில் கட்டும் பயணக் கட்டணத்துக்கும் வாகன நிறுத்தக் கட்டணத்துக்கும் அந்த உறுதிப்படுத்தல் தேவையில்லை. விதி எழுதியவர்களின் மனதில் இருந்தது கேட்டில் நிற்கும் நெரிசல்தான். சுங்கச்சாவடியிலும் ரயில் கேட்டிலும் பின் நம்பர் கேட்டால் ஊர் நின்றுவிடும் என்பது உண்மையே. ஆனாலும் கட்டுபவர் யார் என்று கேட்காமல் விடுவது வேறு, அவர் கட்ட நினைத்தாரா என்று கேட்காமல் விடுவது வேறு. முதலாவதற்குத் தந்த விலக்கு நடைமுறையில் இரண்டாவதையும் விழுங்கிவிட்டது.

நியூயார்க்கில் இந்தக் கதை இன்னும் கூர்மையாக நடந்தது. அங்கே மெட்ரோகார்டு என்பது காந்தப்பட்டை கொண்ட மெல்லிய அட்டை. சுழல்கதவின் வலப்பக்கத்தில் உள்ள பிளவில் இழுக்கவேண்டும். 2019 மே 31 அன்று, கிராண்ட் சென்ட்ரல் முதல் புரூக்ளினின் பார்க்ளேஸ் சென்டர் வரையுள்ள 4, 5, 6 தடங்களின் ஸ்டேஷன்களிலும் ஸ்டேட்டன் ஐலண்ட் பஸ்களிலும் 'ஓம்னி' என்ற கான்டாக்ட்லெஸ் முறையைத் தொடங்கினார்கள். புதிய ரீடரைப் பழைய சுழல்கதவிலேயே முன்பக்கம் பொருத்தினார்கள், ஏறக்குறைய இடுப்பு உயரத்தில். கால்சட்டைப் பையில் இருக்கும் போனும், தோளில் தொங்கும் பையில் இருக்கும் போனும், வலக்கையில் பிடித்தபடியே அதே கையால் அட்டையை இழுப்பவரின் போனும் உரசிப்போகிற உயரம் அது. அந்த ஆண்டின் இறுதிக்குள், மெட்ரோகார்டை இழுக்கப்போன தங்களிடம் போனும் பணம் எடுத்துவிட்டது என்ற புகார்கள் செய்திகளில் வந்தன. எக்ஸ்பிரஸ் மோடைத் தாங்கள் போட்டதாகவே நினைவில்லை என்று பலர் சொன்னார்கள்.

அன்றைய கட்டணம் 2.75 டாலர். பெரிய தொகையா என்று கேட்கலாம். ஆனால் 127 டாலர் கொடுத்து முப்பது நாள் வரம்பற்ற கார்டு வாங்கியவருக்கு அந்தப் பயணம் ஏற்கெனவே கட்டி முடிந்த ஒன்று. ஒரே பயணத்துக்கு இரண்டாவது முறையாகக் கட்டுகிறார்.

இங்கேதான் எனக்கு மனம் பொறுக்காத விஷயம் இருக்கிறது. தவறுதலாகப் போனில் பணம் போவதால் யாருக்கு நஷ்டம் என்று பாருங்கள். எப்போதும் போனிலேயே கட்டி வேலைக்குப் போகிறவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. அவருக்கு இருப்பது ஒரே கருவி. நஷ்டப்படுகிறவர்கள் கையில் இன்னொரு சீட்டு வைத்திருப்பவர்கள். ஃப்ரீடம் பாஸ் வைத்திருக்கும் மூத்தவர்கள், மாற்றுத்திறனாளிகள். அறுபது வயதானவர்களுக்கான ஆய்ஸ்டர் வைத்திருப்பவர்கள். ஜிப் ஆய்ஸ்டர் என்ற சலுகைக் கார்டோடு பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். மாத சீசன் எடுத்தவர்கள், காகித டிக்கெட் வாங்கியவர்கள். இவர்களுக்குக் கட்டணம் குறைவு, அல்லது இல்லவே இல்லை. போனுக்குள் இருக்கும் வங்கி கார்டோ சலுகை எதுவும் அறியாதது, சலுகை இல்லாத முழுக் கட்டணத்தைக் கட்டுகிறது. சலுகை தேவைப்படுகிறவர்களைத் தேடிப்பிடித்து மாட்டுகிற தவறு இது. அவர்களில் பலர் வங்கிக் கணக்கைத் தினமும் போனில் பார்க்கிற பழக்கம் இல்லாதவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் அது ஒரு கட்டணத்தோடும் நிற்காது. நியூயார்க்கில் நுழையும்போது மட்டும் கட்டினால் போதும், தவறினால் ஒரு கட்டணம் போகும். லண்டன் ட்யூபில் நுழையும்போதும் தொடவேண்டும், வெளியேறும்போதும் தொடவேண்டும். ஈஸ்ட் ஹாமில் ஏறி வெஸ்ட்மின்ஸ்டரில் இறங்குபவர் ஆய்ஸ்டரை நீட்டுகிறார். கேட் போனைப் பிடித்துக்கொள்கிறது. அவருக்குத் தெரியாது. வெஸ்ட்மின்ஸ்டரில் இந்த முறை ஆய்ஸ்டர் சரியாக மாட்டுகிறது. இப்போது கணினியில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் ஈஸ்ட் ஹாமில் நுழைந்து எங்கும் வெளியேறவில்லை. இன்னொருவர் எங்கும் நுழையாமல் வெஸ்ட்மின்ஸ்டரில் வெளியே வந்திருக்கிறார். இரண்டும் முழுமை பெறாத பயணங்கள். முழுமை பெறாத பயணத்துக்கு விதி, அதிகபட்சக் கட்டணம். போனில் ஒன்று, ஆய்ஸ்டரில் ஒன்று. ஒழுங்காகச் சீட்டு வைத்திருந்த ஒரு மனிதர், இரண்டு டிக்கெட் ஏய்ப்பாளர்களுக்குரிய தொகையைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார்.

இரண்டும் ஒரே ஆளுடையவை என்று கணினிக்குத் தெரியாதா? தெரியாது, அதுவும் பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடுதான். ஒரு வங்கி கார்டைப் போனில் சேர்க்கும்போது உண்மையான கார்டு எண் போனுக்குள் போவதில்லை. அதற்குப் பதிலாக, டோக்கன் என்று சொல்லும் வேறொரு எண்ணை உருவாக்கிக் கொடுக்கிறார்கள். போன் தொலைந்தால் அந்த எண்ணை மட்டும் செத்ததாக்கிவிடலாம், கார்டு பிழைக்கும். கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச்சுக்கு இன்னொரு எண். ஆக, பணம் போவது ஒரே வங்கிக் கணக்கிலிருந்து என்றாலும், கேட்டின் கண்ணுக்குப் பிளாஸ்டிக் கார்டு ஒரு பயணி, போன் ஒரு பயணி, வாட்ச் ஒரு பயணி. போனில் நுழைந்து அதே கணக்கின் பிளாஸ்டிக் கார்டில் வெளியே வந்தாலும் இரண்டு முழுமை பெறாத பயணங்கள்தான். தினசரி உச்சவரம்பும் சிதறிப்போகும். பாதிப் பயணம் ஒன்றிலும் மீதி இன்னொன்றிலும் விழுந்தால் எதுவுமே வரம்பைத் தொடாது.

எப்போதும் ஒரே வழியில் போகிறவர் ஒருநாள் வெளியேறும்போது தொட மறந்தால், எங்கே இறங்கியிருப்பார் என்று ஊகித்து டிஎஃப்எல் தானாகவே பணத்தைத் திருப்பித் தருவதுண்டு. நல்ல விஷயம். ஆனால் அந்த ஊகத்துக்கு அடிப்படை பழைய பயணங்கள். முதன்முறையாகத் தற்செயலாக மாட்டிய போனுக்குப் பழைய பயணம் என்று ஒன்று கிடையாது.

பூட்டைத் திறக்கும் அந்த 'நான் ரயில் கேட்' குறிப்பைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள்ளவேண்டும். 2021 செப்டம்பர் இறுதியில் பர்மிங்ஹாம், சரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். லண்டன் கேட் அனுப்பும் அந்தக் குறிப்பைப் பதிவுசெய்து, தங்கள் சொந்தக் கருவியிலிருந்து அதையே திரும்ப ஒலித்துக் காட்டினார்கள். எக்ஸ்பிரஸ் மோடில் விசா கார்டு வைத்திருந்த பூட்டிய ஐபோன் அதை உண்மையான கேட் என்று நம்பியது. அங்கிருந்து வந்த உரையாடலை வழியில் மாற்றி ஒரு கடை ரீடருக்குக் கடத்தி, 1000 பவுண்டு எடுத்துக் காட்டினார்கள். மாஸ்டர்கார்டில் இது பலிக்கவில்லை. விசாவின் முறையில்தான் சிக்கல் என்றது ஆப்பிள். ஆய்வகத்துக்கு வெளியே இது பெரிய அளவில் நடக்காது என்றது விசா. இப்படித் திருட, பலியாகும் போனுக்கு அருகிலேயே கருவியோடு இருக்கவேண்டும் என்பதால் அன்றாட ஆபத்தாக நான் இதைப் பார்க்கவில்லை. பயணக் கட்டணத்துக்கென்று திறந்துவிட்ட வாசலில் பயணக் கட்டணத்துக்கு ஒவ்வாத தொகை வந்து நின்றபோது தடுக்க அங்கே யாரும் இல்லை என்பதுதான் உறுத்துகிறது.

ஜப்பானில் இந்தத் தொல்லை ஏறக்குறைய இல்லை. அங்கே கேட்டுகள் லண்டனைவிட வேகமானவை என்பதையும் கவனிக்கவேண்டும். 2001-ல் ஜேஆர் ஈஸ்ட் ரயில்வே கொண்டுவந்த சுய்கா கார்டு, சோனியின் ஃபெலிகா தொழில்நுட்பத்தில் ஓடுவது. ஐந்தில் ஒரு விநாடியில் வேலை முடிந்துவிடும். 2016 அக்டோபரிலேயே அது ஐபோனுக்குள் வந்துவிட்டது, பூட்டைத் திறக்காமலே தட்டும் வசதியோடு. வித்தியாசம் இதுதான்: சுய்கா ரயில் பயணத்துக்கென்று தொடங்கிய, முன்பணம் போட்டுவைக்கும் தனிக் கார்டு. அந்தக் கார்டை அதன் குறியீட்டைச் சொல்லிப் பெயர்சொல்லி அழைக்கிறது கேட். போனில் கார்டுகளைச் சேர்த்துவைக்கும் வாலட்டில் இருக்கும் வங்கி கார்டுகளுக்கு அந்த அழைப்பில் வேலையே இல்லை. ஒருவர் சுய்காவைப் போனில் வைத்திருக்கிறார் என்றால் அதில் பயணம் செய்வதையும் எண்ணியே வைத்திருக்கிறார். சம்மதம் கார்டு வாங்கிய அன்றே கொடுத்தாயிற்று. லண்டனும் நியூயார்க்கும், காப்பி வாங்கவும் மளிகை வாங்கவும் வைத்திருந்த கார்டையே பயணச் சீட்டாக்கியதால், வெளியூரிலிருந்து வந்து இறங்குகிறவர்கூடச் சீட்டு வாங்க வரிசையில் நிற்காமல் நேராக ரயிலேறலாம். அந்த வசதி உண்மையானது. அதற்கான விலையைச் சலுகைச் சீட்டு வைத்திருப்பவர் கட்டிக்கொண்டிருக்கிறார்.

நியூயார்க்கில் சிக்கலின் ஒரு பாதி தானாகவே ஓய்கிறது. 2025 இறுதியோடு மெட்ரோகார்டு விற்பனையையே நிறுத்தினார்கள். அட்டையை இழுக்கும் கை இல்லாவிட்டால் போனை உரசும் கையும் குறையும். லண்டனில் ஆய்ஸ்டரும் சலுகை பாஸ்களும் தொடர்கின்றன. அதனால் அங்கே வடிவமைப்பில் கைவைத்துத்தான் ஆகவேண்டும். எக்ஸ்பிரஸ் மோடைப் போடுவதா வேண்டாமா என்பதைத் தெளிவான கேள்வியாகக் கேட்டு, 'வேண்டாம்' என்பதையே முதல் விடையாகப் போன் வைத்திருக்கலாம். சலுகை பாஸும் போனும் சில நொடி இடைவெளியில் ஒரே கேட்டில் விழுந்தால், அல்லது ஒன்றின் நுழைவும் இன்னொன்றின் வெளியேற்றமும் பொருந்தினால், பயணி புகார் கொடுக்கும் முன்பே கணினி கொடி காட்டலாம். இவற்றுக்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில. ஐபோனில் செட்டிங்ஸுக்குள் வாலட் பகுதிக்குப் போனால் எக்ஸ்பிரஸ் டிராவல் கார்டு என்று ஒரு வரி இருக்கும். வீட்டுப் பெரியவர்கள் பாஸில் பயணம் செய்பவர்கள் என்றால் அதில் எந்தக் கார்டையும் தேர்ந்தெடுக்காமல் விட்டுவிடுங்கள். வாட்ச் இருந்தால் அதற்குத் தனியாகவும் பார்க்கவேண்டும், போனில் அணைத்தது வாட்ச்சுக்குச் செல்லாது. பாஸுக்கு ஒரு தனி உறை வாங்கிக் கொடுங்கள், போன் கவரிலிருந்து அது வெளியேறட்டும். வங்கி ஆப்பில் 'டிஎஃப்எல்' என்று பத்து பென்ஸ் மட்டும் நிலுவையில் தெரிந்தால் அலட்சியம் வேண்டாம். கார்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைத் தொகையாக அது இருக்கலாம், உண்மையான கட்டணம் பின்னால் வரும். டிஎஃப்எல் இணையக் கணக்கில் கார்டைப் பதிவுசெய்திருந்தால் எங்கே, எத்தனை மணிக்குத் தொட்டது என்பது வரிசையாகத் தெரியும். பணத்தைத் திருப்பிக் கேட்க அந்த வரிகளே சாட்சி.

கேட்டிலேயே கண்டுபிடிக்கவும் ஒரு வழி இருக்கிறது. பணம் போட்டுவைத்த ஆய்ஸ்டரைத் தொட்டால் சின்னத் திரையில் மீதித்தொகை தெரியும். வங்கி கார்டோ போனோ மாட்டியிருந்தால் மீதி எதுவும் வராமல், நுழையலாம் என்ற சொல் மட்டும் வரும். போன் என்றால் அதே நேரம் கைக்குள் ஓர் அதிர்வும் இருக்கும். அப்படி நடந்துவிட்டது தெரிந்தால், இறங்கும் ஸ்டேஷனில் ஆய்ஸ்டரை எடுக்காதீர்கள். உள்ளே போனது போன்தான் என்பதால் வெளியே வரும்போதும் அதே போனைத் தொடுங்கள். பயணம் ஒரே கணக்கில் முடிந்து, ஒரு சாதாரணக் கட்டணத்தோடு நிற்கும். ஃப்ரீடம் பாஸ் வைத்திருக்கும் அம்மா என்றால் அந்த ஒரு கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதலாம். இரண்டு அதிகபட்சக் கட்டணத்துக்காக எழுதுவதைவிட அது எளிய கடிதம்.